வீடு உங்களுடையது, மண் யாருடையது?

பட்டுப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கோர்வையா என்று கேட்பார்கள். சரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். சில்க் மார்க் சீட்டு எங்கே என்பார்கள். நாலு கடை ஏறி இறங்காமல் பணத்தை வெளியே எடுக்க மாட்டார்கள். அதே ஆட்கள் இதே ஊரில் வீடு வாங்கும்போது கேட்பது ரெண்டே கேள்விதான். "தண்ணி நல்லா இருக்கா?" "பத்திரம் எப்ப வச்சுக்கலாம்?"

முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வீடு சரி, அதற்குக் கீழே இருக்கிற மண் யாருடையது?

வணிகவியல் படிக்கிறவன் சட்டம் பேசலாமா என்று கேட்காதீர்கள். இன்னும் பத்து வருஷத்தில் நம்மில் பாதிப் பேர் வீட்டுக்கடன் மனுவில் கையெழுத்துப் போடப் போகிறவர்கள்தானே.

விஷயத்துக்கு வருவோம். காஞ்சிபுரம் கோயில் ஊர். கோயில் என்றால் கோபுரமும் குளமும் மட்டும் இல்லை, மனைகளும் உண்டு. கோயிலுக்குச் சொந்தமான மனையில் தாத்தா காலத்தில் வீடு கட்டி, மாதாமாதம் மனை வாடகை கட்டிக்கொண்டு, மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டடம் அவர்களுடையது, அடிமனை சாமியுடையது. இதில் தப்பு ஒன்றும் இல்லை. இந்த வீடு கை மாறும்போதுதான் சிக்கல் ஆரம்பம்.

இங்கிலாந்தில் இதே மாதிரி ஏற்பாட்டுக்கு லீஸ்ஹோல்டு என்று பெயர். அங்கே விற்பனை விளம்பரத்திலேயே குத்தகை இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்று போடுவார்கள். வாங்குகிறவர் தனக்கென்று ஒரு சொலிசிட்டரை வைத்துக்கொள்வார். குத்தகைப் பத்திரத்தை வரி வரியாகப் படிப்பது அவர் வேலை. அப்படியும் மனை வாடகைக் கொடுமை தாங்காமல், புதிய நீண்டகால வீட்டுக் குத்தகைகளில் பெயருக்கு மேல் மனை வாடகையே வாங்கக்கூடாது என்று 2022ல் சட்டம் போட வேண்டியிருந்தது. இங்கேயோ "கோயில் இடம்தான் சார், ஆனா ஒண்ணும் பிரச்சனை இல்லை" என்ற ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியாவது சொன்னால் புண்ணியம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம், 34வது பிரிவு. கோயில் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அது செல்லாது. 34ஏ பிரிவின்படி வாடகையை ஒரு குழு சந்தை நிலவரம் பார்த்து நிர்ணயிக்கும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திருத்தும். 78வது பிரிவில் குத்தகை முடிந்த பிறகும் இடத்தை விடாமல் இருப்பவர் ஆக்கிரமிப்பாளர் கணக்கில் வருவார். "அம்பது வருஷம் அனுபவிச்சாச்சு, இனி எங்களுதுதான்" என்ற வாதமும் எடுபடாது. கோயில் நிலத்தைத் திருப்பிக் கேட்கக் காலவரம்பு இல்லை என்கிறது 109வது பிரிவு.

டீக்கடையில் இன்னொரு சட்டமும் பேசுவார்கள். 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். அடுத்தவர் மனையில் வீடு கட்டியவர், அந்த மனையையே தனக்கு விற்கும்படி கோர்ட்டில் கேட்கலாம் என்ற சட்டம் அது. உண்மைதான். ஆனால் 1996ல் வந்த திருத்தம் கோயில் நிலங்களுக்கு அதிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. அதைப் பாதிப் பேர் சொல்வதில்லை.

"ஈசி போட்டுப் பார்த்தேன், சுத்தமா இருக்கு" என்பது அடுத்த பேச்சு. வில்லங்கச் சான்றில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டுமே. மாத வாடகைக்கு விட்ட மனைக்குப் பதிவு கட்டாயம் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் கட்டாயம். அதனால் தாத்தா கோயிலுக்கு மாத வாடகை கட்டிவந்த கதை வில்லங்கத்தில் ஒரு வரிகூட வராமல் போகலாம். சுத்தமான ஈசி என்பது சுத்தமான மண் என்று அர்த்தம் ஆகாது.

"பதிவே ஆகிவிட்டதே, அரசாங்கமே ஒத்துக்கொண்ட மாதிரிதானே?" இதுவும் இல்லை. கோயில் சொத்தை உரிய அனுமதி இல்லாமல் பதியக்கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவு 2016 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் இந்த சர்வே எண் கோயிலுடையது என்று சார் பதிவாளருக்குத் தெரிந்தால்தானே நிறுத்துவார்? எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலை இல்லை என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமே 2025ல் சொல்லிவிட்டது. அப்படியானால் அது யார் வேலை? உங்கள் வேலை. உங்கள் சார்பில் உங்கள் வக்கீலின் வேலை.

இங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம். நம் நாட்டில் வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது. பார் கவுன்சில் விதி அப்படி. ஆகவே யார் நல்லவர் என்பது வாய்வழியாகத்தான் தெரியவரும். அந்த வாய் பெரும்பாலும் புரோக்கர் வாயாக இருக்கிறது. கிரயம் முடிந்தால்தான் கமிஷன் என்று காத்திருப்பவர் காட்டும் வக்கீல், "இதை வாங்காதீங்க" என்று சொன்னால் அடுத்த முறை அவரைக் கூப்பிடுவாரா?

செலவைப் பாருங்கள். 20 லட்ச ரூபாய் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 1,80,000 ரூபாய் சத்தமில்லாமல் கட்டுகிறோம். அதே ஆள், பத்திரங்களை உட்கார்ந்து படிக்கும் வக்கீல் சில ஆயிரம் கேட்டால் பேரம் பேசுகிறார். எனக்கு இது புரிவதே இல்லை.

என் கருத்தில் வக்கீலை இப்படிப் பார்க்கலாம்:

1. விற்பவரோ புரோக்கரோ காட்டியவர் வேண்டாம். பீஸ் உங்கள் கையிலிருந்து போக வேண்டும்.

2. சிவில் வழக்கு, அதிலும் கோயில் நில வழக்கு நடத்தியவரா என்று கேளுங்கள். உள்ளூர்க்காரராக இருந்தால் இன்னும் நல்லது.

3. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் போங்கள். கொடுத்த பிறகு போனால் அவர் ஆறுதல்தான் சொல்ல முடியும்.

4. கருத்தை எழுத்தில் கையெழுத்தோடு கேளுங்கள். எந்தெந்த ஆவணம் பார்த்தார் என்ற பட்டியலும் அதில் இருக்கட்டும். மூலப் பத்திரம், நகர நில அளவைப் பதிவேடு, கோயில் அலுவலகத்தில் விசாரித்த விவரம், இந்த மூன்றும் அதில் இல்லாவிட்டால் அது பாதி வேலை.

5. சொத்து விவரத்தில் "மேல்கட்டடம் மட்டும்" என்ற இரண்டு சொல் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பவர் பத்திரத்தை மட்டும் கையில் கொடுத்தால் கிளம்பி வந்துவிடுங்கள். அதனால் சொத்து மாறாது என்று 2011லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று.

அப்படியானால் கோயில் மனையில் இருக்கும் வீட்டை வாங்கவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. கோயிலின் அனுமதியோடு பெயர் மாற்றி, வாடகை பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, வாடகை ஏறும் என்று தெரிந்து, அதற்கேற்ற விலை கொடுத்தால் அது நேர்மையான வியாபாரம். சொந்த மண்ணின் விலையைக் கொடுத்து வாடகை மண்ணை வாங்குவதுதான் ஏமாற்றம். விற்கிறவரும் பல சமயம் திருடன் இல்லை. அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

கோயிலையும் குறை சொல்ல மாட்டேன். விளக்குக்கு எண்ணெய் அந்த வாடகையிலிருந்துதான் வர வேண்டும். சென்னை கீழ்ப்பாக்கத்தில் நம் ஏகாம்பரநாதர் கோயில் இடத்தில் ஒரு தனியார் பள்ளி நடந்துவந்தது. குத்தகைக் காலம் முடிந்த பின், 2021ல் அறநிலையத் துறை அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பெரிய பள்ளிக்கூடத்துக்கே இதுதான் நிலை என்றால், பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் ஒரு குடும்பம் எம்மாத்திரம்? நெசவாளிக்கு வீடுதான் தொழிற்கூடமும். குழித்தறியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. போகிற இடத்தில் தரையைத் தோண்ட வீட்டுக்காரர் விட மாட்டார். வீடு போனால் தொழிலும் சேர்ந்து போகிறது.

அதனால் எனக்கு ஒரே ஒரு ஆசை. 2021லிருந்து கோயில் நில விவரங்களை அறநிலையத் துறை இணையத்தில் ஏற்றிவருகிறது. நல்ல காரியம். அதையே தெருப்பெயர், சர்வே எண்ணோடு அச்சடித்து ஒவ்வொரு கோயில் அலுவலக வாசலிலும், சார் பதிவாளர் அலுவலகச் சுவரிலும் ஒட்டட்டும். பெரிய செலவில்லை. வீடு பார்க்கப் போகிறவர் போகிற வழியில் நின்று ஒரு நிமிஷம் படித்துவிட்டுப் போவார். அது வரும்வரைக்கும், அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் கோயில் அலுவலகப் படியேறி நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.