மாதம் 61 வெள்ளி: நோய்க்கும் பிள்ளைக்கும் இது போதுமா?

ஊழியர் சேமநிதியின் (இபிஎஃப்) இரண்டாவது கணக்கில் இருக்கும் பணத்தைக் கொண்டு தனியார் மருத்துவக் காப்புறுதிக்குச் சந்தா கட்ட அனுமதிக்கலாமா? 2025 ஜூலையில் சுகாதார அமைச்சர் டத்தோஸ்ரீ டாக்டர் சுல்கிஃப்ளி அமாட் இந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தார். தொழிற்சங்கங்களும் பயனீட்டாளர்களும் குரல் எழுப்பினார்கள். கட்டாயம் எதுவும் இல்லை, விரும்புகிறவர்களுக்கு மட்டும்தான் என்று விளக்கம் வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் காப்புறுதிக் கட்டணம் தாறுமாறாக ஏறி, பேங்க் நெகாரா 2024 டிசம்பரில் தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பச் சொல்லியிருந்தது.

கோலாலம்பூரில் இந்த விவாதம் பெரிய தொகைகளில் நடக்கிறது. ராசா, பத்தாங் காலி, பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் பக்கம் வேலை செய்யும் நம்மவரின் சம்பளச் சீட்டை வைத்து அதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது.

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் தொழிலாளியின் 11 விழுக்காடு 187 வெள்ளி. முதலாளி போடும் 13 விழுக்காடு 221 வெள்ளி. சேர்த்தால் மாதம் 408 வெள்ளி. 2024 மே 11 முதல் இந்தப் பணம் மூன்று பாத்திரங்களில் விழுகிறது. 75 விழுக்காடு, அதாவது 306 வெள்ளி, ஓய்வுக்காலக் கணக்கான பெர்சாரானுக்குப் போகிறது. 15 விழுக்காடு, 61 வெள்ளி 20 காசு, செஜாத்ரா கணக்குக்கு. மீதி 40 வெள்ளி 80 காசு நினைத்தபோது எடுக்கக்கூடிய ஃப்ளெக்சிபெல் கணக்குக்கு. பழைய இரண்டாவது கணக்கைத்தான் இப்போது செஜாத்ரா என்கிறார்கள். வீடு வாங்க, பிள்ளையின் மேற்படிப்புக்கு, கடும் நோய்ச் சிகிச்சைக்கு என்று எல்லாவற்றுக்கும் கை நீட்ட வேண்டிய இடம் அதுதான். ஓர் ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் அதில் 734 வெள்ளி 40 காசுதான் நிற்கும்.

காப்புறுதிச் சந்தாவையும் இந்த 61 வெள்ளியிலிருந்தே கட்டு என்றால், வீட்டுக்கு எதை எடுப்பது, படிப்புக்கு எதை எடுப்பது? வயது ஏற ஏறச் சந்தா ஏறும். சம்பளம் அப்படி ஏறுவதில்லை. நாற்பது வயதில் சமாளித்தவர் ஐம்பத்தைந்து வயதில் காப்புறுதியைக் கைவிட்டால், அதுவரை கட்டியதும் போகும், சேமிப்பும் கரைந்திருக்கும்.

வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, அதை மருத்துவத்துக்கும் பிள்ளைப் பராமரிப்புக்கும் செலவு செய்யலாம் என்ற ஏற்பாடு புதியது அல்ல. அமெரிக்காவில் பல ஆண்டுகளாக இருக்கிறது. அங்கே நிறுவனத்தின் வழியாக ஊழியர் ஒரு தொகையைக் கணக்கில் போடுகிறார், அந்தத் தொகைக்கு வரி இல்லை. பிள்ளைப் பராமரிப்புக்கான உச்சவரம்பு 1986-இல் 5,000 டாலராக வைக்கப்பட்டது. 2021 என்ற ஒரே ஆண்டைத் தவிர அது நகரவே இல்லை. 2026 முதல்தான் 7,500 டாலர். மருத்துவக் கணக்கில் போட்ட பணத்தை ஆண்டுக்குள் செலவழிக்காவிட்டால் பெரும்பகுதி கைவிட்டுப் போகும் என்ற விதியும் உண்டு. அங்கேயும் இந்தச் சலுகையால் அதிகம் பயனடைகிறவர் அதிக வரி கட்டுகிறவர்தான். வரியே இல்லாதவருக்கு வரி விலக்கால் என்ன லாபம்?

நம் நாட்டில் அதே பெயரில் ஒரு கணக்கு இல்லை. ஆனால் அதன் வேலையை மூன்று துண்டுகள் செய்கின்றன. ஒன்று, மேலே சொன்ன இபிஎஃப். இரண்டாவது, வருமான வரியில் கிடைக்கும் கழிவுகள். மூன்றாவது, முதலாளி கொடுக்கும் சலுகைக்கு வரி விலக்கு. மூன்றாவதைப் பற்றித்தான் நம்மிடையே பேச்சே இல்லை. அதற்குப் பிறகு வருவோம்.

வரிக் கழிவை முதலில் பார்ப்போம். பெற்றோரின் மருத்துவம், பராமரிப்புச் செலவுக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை கழிவு. தனக்கோ, துணைக்கோ, பிள்ளைக்கோ வரும் கடும் நோய்க்கு 10,000 வெள்ளி வரை. 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் காப்பகம் அல்லது பாலர் பள்ளிக் கட்டணத்துக்கு 3,000 வெள்ளி. பட்ஜெட் உரையில் கேட்கும்போது கை தட்டத் தோன்றும்.

அந்த 3,000 வெள்ளியை மட்டும் எடுத்துக் கொள்வோம். வரிக்குரிய வருமானம் ஒரு லட்சத்தைத் தாண்டியவர் அதற்கு மேல் 25 விழுக்காடு வரி கட்டுகிறார். 3,000 வெள்ளிக் கழிவு அவருக்கு 750 வெள்ளியை மிச்சப்படுத்தும். வரிக்குரிய வருமானம் 45,000 வெள்ளி உள்ள ஓர் ஆசிரியருக்கு 6 விழுக்காட்டுக் கணக்கில் 180 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 30,000 வெள்ளி உள்ள ரவாங் தொழிற்சாலை மேற்பார்வையாளரின் வரி 450 வெள்ளி. அதில் 400 வெள்ளி தள்ளுபடி போக அவர் கட்டுவது 50 வெள்ளிதான். எத்தனை ஆயிரம் காப்பகத்துக்குக் கொட்டினாலும் அவருக்குத் திரும்புவது அந்த 50 வெள்ளி. மாதம் 1,700 வாங்குபவரின் ஆண்டு வருமானம் 20,400 வெள்ளி. வரிக் கோப்பு திறக்க வேண்டிய எல்லையைக்கூட அவர் தொடுவதில்லை. அவருக்குக் கிடைப்பது பூஜ்யம். ஒரே காப்பகம், ஒரே கட்டணம், நான்கு விதமான உதவி. தேவை அதிகமுள்ளவருக்கே குறைவு.

இதைவிடக் கசப்பானது விதியின் சிறு எழுத்துகளில் இருக்கிறது. காப்பகக் கழிவு வேண்டுமானால் அந்தக் காப்பகம் சமூகநல இலாகாவில் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். நம் தாமான்களில் எத்தனை பிள்ளைகள் பதிவு பெற்ற காப்பகத்தில் வளர்கிறார்கள்? பக்கத்து வீட்டு அத்தையிடம் அல்லவா விட்டுவிட்டு ராசா ஸ்டேஷனுக்கு ஓடி கொமுட்டர் பிடிக்கிறார்கள்! 1984-ஆம் ஆண்டுக் குழந்தைக் காப்பகச் சட்டம் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ளும் இடங்களையே காப்பகமாகக் கருதுகிறது. இரண்டு மூன்று பிள்ளைகளைப் பார்க்கும் அத்தை சட்டத்தை மீறவில்லை. ஆனால் அவர் கையில் கொடுக்கும் பணத்துக்கு ரசீதும் இல்லை, கழிவும் இல்லை.

பெற்றோர் பராமரிப்பில் இன்னொரு முடிச்சு. பராமரிப்பாளருக்குக் கொடுத்த பணத்தைக் கழிவில் காட்டலாம். ஆனால் அந்தப் பராமரிப்பாளர் வரி கட்டுபவராகவோ, அவருடைய துணையாகவோ, பிள்ளையாகவோ இருக்கக் கூடாது. பக்கவாதத்தில் விழுந்த மாமியாரைப் பார்க்க வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காரும் மருமகள் இந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவருடைய இபிஎஃப் அன்றோடு நின்றுவிடுகிறது. கணவர் நினைத்தால் தன் 11 விழுக்காட்டில் 2 விழுக்காட்டை ஐ-சாயாங் திட்டத்தின் வழி மனைவி கணக்குக்கு மாற்றலாம். 1,700 வெள்ளிச் சம்பளத்தில் அது 34 வெள்ளி. அதையும் எத்தனை கணவர்கள் செய்கிறார்கள் என்று கேட்டால் வீட்டுக்கு வீடு சண்டை வரும்.

இந்த நிலைக்கு நாம் எப்படி வந்தோம் என்பதற்குத் தோட்டத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். விடியற்காலை பெரட்டுக்கு ஓடும் தாய், கைக்குழந்தையை ஆயாக்கொட்டாயில் விட்டுவிட்டுத்தான் பால் வெட்டப் போனாள். வரிசையாகத் தொங்கும் தூளிகள், ஆட்டிக்கொண்டே பாட்டுப் பாடும் ஆயா. காய்ச்சல் என்றால் தோட்டத்து டிரசர். அந்தக் காலம் பொற்காலம் என்று யாரும் பொய் சொல்ல வேண்டாம். டிரசரின் ஒரே மருந்து எல்லா நோய்க்கும் போனதும், ஆயாக்கொட்டாயில் ஒரு பிள்ளைக்கு வந்த சளி அத்தனை பிள்ளைக்கும் பரவியதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் ஒன்று உண்மை. அந்தச் செலவு கம்பெனியின் கணக்கில் இருந்தது, தொழிலாளியின் கணக்கில் இல்லை. வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டம் தொடங்கி 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் வரை, தோட்டத் தொழிலாளிக்குக் குடியிருப்பும் குழந்தைக் காப்பகமும் மருத்துவ வசதியும் தர வேண்டியது முதலாளியின் கடமையாகவே எழுதப்பட்டது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. உலு சிலாங்கூர், கோல சிலாங்கூர் பகுதிகளில் நிலம் கைமாறி தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆனது. நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், மேரி, மின்யாக், சுங்கை திங்கி ஆகிய ஐந்து தோட்ட மக்கள் ஒரு வீட்டுக்காகவே பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. வீட்டைப் பற்றிப் பேசினோம், பேச வேண்டியதுதான். ஆயாக்கொட்டாய் மறைந்ததை ஓர் இழப்பாக யாரும் கணக்கில் எழுதவில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறிய பெண் தொழிற்சாலைக்குப் போனபோது பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி சத்தமில்லாமல் அவள் தலையில் இறங்கியது.

இப்போது அந்த மூன்றாவது துண்டுக்கு வருவோம். முதலாளி தன் ஊழியருக்குக் கொடுக்கும் குழந்தைப் பராமரிப்பு அலவன்ஸுக்கு ஆண்டுக்கு 2,400 வெள்ளி வரை வரி விலக்கு இருந்தது. 2024 மதிப்பீட்டு ஆண்டு முதல் அது 3,000 வெள்ளி. காப்பகத்துக்கே நேரடியாகக் கட்டினாலும் சரி. ஊழியருக்கும் அவர் குடும்பத்துக்கும் முதலாளி கொடுக்கும் மருத்துவச் சலுகைக்கும் வரி இல்லை. இதில் முதலாளிக்கும் ஆதாயம் வைத்திருக்கிறார்கள். காப்பகம் அமைத்தாலோ அலவன்ஸ் கொடுத்தாலோ அந்தச் செலவை அவர் வரிக் கணக்கில் இரட்டிப்பாகக் கழிக்கலாம். அமெரிக்கக் கணக்குக்கு நம் நாட்டில் மிக நெருங்கிய உறவு இதுதான். அங்கே போடுவது பெரும்பாலும் தொழிலாளியின் பணம், இங்கே முதலாளியின் பணம். வரியே கட்டாத தொழிலாளிக்கும் முழுத் தொகை கையில் வரும். மாதம் 250 வெள்ளி என்பது செஜாத்ராவில் விழும் 61 வெள்ளியைப் போல நான்கு மடங்கு.

கேட்டால்தானே கிடைக்கும்! கூட்டு ஒப்பந்தப் பேச்சில் தொழிற்சங்கங்கள் சம்பளம், போனஸ், மிகைநேரம் என்று மூன்றிலேயே நிற்கின்றன. பேரம் பேசும் மேசையில் பெரும்பாலும் ஆண்களே உட்கார்ந்திருப்பதும் இதற்கு ஒரு காரணம் என்பது என் கருத்து. ரவாங்கிலும் புக்கிட் பெருந்தோங்கிலும் வேலை செய்யும் பெண்கள் அடுத்த ஒப்பந்தம் வரும்போது இந்த அலவன்ஸைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். முதலாளிக்கு இரட்டைக் கழிவு உண்டு என்பதையும் சேர்த்துச் சொன்னால் காது கொடுப்பார்.

அதுவரை, நோய் வந்தவுடன் இபிஎஃப் பணத்தில் கை வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்குச் சாதாரணச் சிகிச்சை ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. கோல குபு பாருவிலும் தஞ்சோங் காராங்கிலும் காத்திருக்கத்தான் வேண்டும், ஆனால் சேமிப்பு கரையாது. சிறுநீரகம் செயலிழந்த சொக்சோ சந்தாதாரருக்குத் தகுதி இருந்தால் டயாலிசிஸ் செலவை சொக்சோ ஏற்கிறது. அதைக் கேட்காமலே செஜாத்ராவைக் காலி செய்கிறவர்கள் உண்டு. 40 வயதைத் தாண்டிய எஸ்டிஆர் உதவி பெறுகிறவருக்கும் அவர் துணைக்கும் பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டு, மருத்துவக் கருவிகளுக்கு 20,000 வெள்ளி வரை உதவி உண்டு. படுக்கையில் கிடக்கும் நோயாளியைப் பார்த்துக் கொள்பவருக்குச் சமூகநல இலாகாவின் மாத உதவித்தொகை தனியாக இருக்கிறது. மேலே சொன்ன மருமகள் முதலில் போக வேண்டிய கதவு அது. வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 120 வெள்ளியில் சொக்சோவின் இல்லத்தரசிகள் காப்புறுதியும் இருக்கிறது.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் பணம் தேவைப்பட்டால் செஜாத்ராவில் விண்ணப்பிக்கலாம். உறுப்பினருக்கு மட்டுமல்ல, துணை, பிள்ளைகள், பெற்றோர், மாமனார் மாமியார், உடன்பிறந்தோர் ஆகியோரின் கடும் நோய்க்கும் எடுக்க வழி உண்டு. 35 வயதில் எடுக்கும் 5,000 வெள்ளி, 6 விழுக்காட்டு லாப ஈவில் கிடந்திருந்தால் 55 வயதில் சுமார் 16,000 வெள்ளியாக நின்றிருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு எடுப்பது வேறு, தெரியாமல் எடுப்பது வேறு.

ஒரே வீட்டில் நான்கு பிள்ளைகள் அம்மாவின் மருத்துவச் செலவைப் பங்கு போடும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அவர்களில் வரி கட்டும் பிள்ளை ஒருவர் இருந்தால் மருத்துவமனைச் செலவை அவர் ஏற்று, ரசீதையும் அவர் பெயரில் வாங்கி, மருத்துவர் சான்றோடு 7 ஆண்டுகள் பத்திரப்படுத்தட்டும். மற்ற மூவரும் அரிசி, பம்பர்ஸ், பெட்ரோல் என்று ரசீதால் பயன் இல்லாத செலவுகளைப் பார்த்துக் கொள்ளட்டும். 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல் தாத்தா பாட்டியின் மருத்துவச் செலவும் இந்த 8,000 வெள்ளிக் கழிவுக்குள் வருகிறது. பேரப்பிள்ளை வேலைக்குப் போகும் வீடுகளில் இதையும் கேட்டு வையுங்கள்.