புது ரேம் வாங்கும் முன்

"கணினி மெதுவாகிவிட்டது, ரேம் போதவில்லை" என்று அப்பாவிடம் பணம் கேட்கும் முன் ஒன்று செய்யுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் பகுதியைப் பாருங்கள். ஸ்டீம், எபிக், யூபிசாஃப்ட் எனக் கடைக்கொன்றாக நீங்கள் நிறுவிய லாஞ்சர்களில் எத்தனை, கணினியோடு தாமாகவே தொடங்குகின்றன? நீங்கள் பாடம் செய்யும் நேரத்திலும் அவை நினைவகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். எதைத் தொடங்குவது என்பதைக் கணினிக்கு உரியவர்தான் முடிவு செய்யவேண்டும் என்பது என் கருத்து.

பிளேநைட் போன்ற இலவச முகப்பு நிரல், எல்லா விளையாட்டுகளையும் ஒரே திரையில் அடுக்கித் தரும். நல்ல வசதிதான். ஆனால் அதை நிறுவியதும் லாஞ்சர்களை நீக்கிவிடாதீர்கள். பல விளையாட்டுகளுக்கு அது உரிய லாஞ்சரைத்தான் எழுப்புகிறது. உரிமத்தைச் சரிபார்ப்பது அந்த லாஞ்சரே. தானாகத் தொடங்குவதை மட்டும் நிறுத்தினால் போதும்.

கன்ட்ரோலர் விஷயம் இன்னும் சுவையானது. ஒருமுறை அழுத்தினால் மெனுவில் இரண்டு வரி தாவுகிறதா? உடனே பழுது என்று முடிவுகட்டாதீர்கள். ஸ்டீம் இன்புட் வசதி உங்கள் கன்ட்ரோலரின் சமிக்ஞையைப் படித்து, விளையாட்டுக்கு ஒரு மெய்நிகர் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலராகக் காட்டக்கூடும். சில விளையாட்டுகள் அசலையும் சேர்த்துப் படித்துவிடும். விரல் ஒன்று, கட்டளை இரண்டு! அந்த விளையாட்டுக்கு மட்டும் ஸ்டீம் இன்புட்டை அணைத்துவிட்டு மறுபடி அழுத்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் தாவினால், அப்போது அப்பாவிடம் பேசலாம்.