புளியங்கொட்டைக் கணக்கு

பினாங்கில் எந்தப் பெற்றோர் கூட்டத்தில் தேர்தல் என்ற சொல்லை எடுத்தாலும் ஒரு குரல் எழும்: “பிள்ளைங்களுக்கு எதுக்குங்க அரசியல்? படிக்கட்டும்.” சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். தொகுதி எல்லையை யார் வரைகிறார்கள், எப்படி வரைகிறார்கள் என்பதையும் அதே மூட்டையில் கட்டிப் பரணில் போட்டுவிடுகிறோம்.

இது முதலில் கணக்குப் பாடம். என் டியூஷன் மேசையில் ஒருநாள் 15 புளியங்கொட்டையையும் 10 சோழியையும் கொட்டினேன். ஐந்தைந்தாக ஐந்து தொகுதி பிரிக்க வேண்டும், ஆனால் சோழிதான் ஜெயிக்க வேண்டும். படிவம் 4 மாணவி ஒருத்தி கொஞ்ச நேரம் நகர்த்திப் பார்த்தாள். ஒரு குவியலில் ஐந்தும் கொட்டை. இன்னொன்றில் நான்கு கொட்டை, ஒரு சோழி. மீதி மூன்றிலும் சோழி மூன்று, கொட்டை இரண்டு. முடிந்தது. “சார், இது ஏமாத்து வேலை இல்லையா?” என்றாள். ஒரு கொட்டையைக்கூட அவள் ஒளித்துவைக்கவில்லை. நிலத்தில் இப்படி இஷ்டத்துக்கு அள்ள முடியாது, கோட்டைத்தான் வளைக்க வேண்டும்; வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்புறம்தான் 2013 பொதுத்தேர்தலைக் காட்டினேன். மக்கள் கூட்டணிக்கு 50.87 விழுக்காடு வாக்கு, 89 இடம். தேசிய முன்னணிக்கு 47.38 விழுக்காடு, 133 இடம். முழுப் பழியையும் கோட்டின் மேல் போடமாட்டேன்; தொகுதிக்கு ஒருவர் என்ற முறையிலேயே கொஞ்சம் சாய்வு உண்டு. ஆனால் 2022-இல் சிலாங்கூரின் பாங்கியில் 303,430 வாக்காளர்கள், சரவாக்கின் இகானில் 28,290 பேர். இரண்டுக்கும் ஆளுக்கொரு உறுப்பினர். உட்புறத் தொகுதிகளுக்குச் சலுகை வேண்டும்தான். ஆற்றையும் காட்டையும் தாண்டிப் போகிறவரின் சிரமம் வேறு. அதற்காகத்தான் 1957 அரசியலமைப்பு சராசரிக்கு 15 விழுக்காடு மேலே கீழே போகலாம் என்றது. 1962-இல் அதைத் தளர்த்தினார்கள். 1973-இல் வரம்பே போய்விட்டது. வரலாற்றுப் பாடத்தில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் யார் குடி முழுகிவிடும்?

நம்மவர்களிடம் இன்னொரு பேச்சும் உண்டு: “எந்த நாடாளுமன்றத் தொகுதியிலும் நாம பெரும்பான்மை இல்ல, கோடு எங்க போனா என்ன?” எனக்கு இதுதான் அதிகம் எரிச்சல். பெரும்பான்மை இல்லாததால்தான் கோடு நமக்கு முக்கியம். இழுபறித் தொகுதியில் 2,000 தமிழர் வாக்கு இருந்தால் வேட்பாளர் வீடு தேடி வருவார். அதே 2,000 பேரை 30,000 வாக்கு வித்தியாசத்தில் ஜெயிக்கும் பக்கத்துத் தொகுதிக்குத் தள்ளிவிட்டால் தீபாவளிக்கு வாழ்த்துப் பதாகைதான் வரும்.

இதையெல்லாம் கேட்க உரிமை இருக்கிறது. புதிய எல்லைப் பரிந்துரை ஒரு மாதம் காட்சிக்கு வைக்கப்படும். அந்தத் தொகுதியின் வாக்காளர்கள் 100 பேர் சேர்ந்து ஆட்சேபித்தால் தேர்தல் ஆணையம் விசாரணை நடத்தியாக வேண்டும். இது அரசியலமைப்பின் 13-ஆம் அட்டவணையில் இருக்கிறது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். ஆக, படிவம் 6 வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே வாக்காளர்கள். அவர்களைப் பார்த்துத்தான் “அரசியல் வேண்டாம்” என்கிறோம்.

அதுவும் எந்த ஊரில்? மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் 1951 டிசம்பரில் இந்த ஜார்ஜ்டவுனில்தான் நடந்தது. தஞ்சோங், கெலாவாய், ஜெலுத்தோங் என்று வட்டாரம் பிரித்து வாக்களித்த ஊர் இது. உள்ளாட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது, இன்றுவரை திரும்பவில்லை. அந்த வட்டாரங்கள் எங்கே தொடங்கி எங்கே முடிந்தன என்று கேட்டால் எங்கள் தெருப் பெரியவர்களுக்கே தெரியவில்லை.

தீபகற்பத்தின் இப்போதைய எல்லைகளை மக்களவை 2018 மார்ச் 28-இல் 129-க்கு 80 என்ற வாக்கில் ஏற்றது. ஆறு வாரத்தில் பொதுத்தேர்தல். ஒரு மறுசீரமைப்புக்கும் அடுத்ததுக்கும் குறைந்தது எட்டாண்டு இடைவெளி வேண்டும் என்பது சட்டம். அந்தக் கணக்கு 2026-இல் முடிகிறது. அதன் பிறகு எந்த மாதமும் புதிய வரைபடம் சுவரில் தொங்கலாம். பிறையிலோ ஜெலுத்தோங்கிலோ அதன் முன்னால் நின்று தன் தெருவைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் 100 பேர் வேண்டும். இப்போதைக்கு என் கையில் இருப்பது ஒருத்தி. அவளுக்கும் 18 ஆக இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.