நாலு மீட்டர் ஹாலில் பிஸ்டல் பயிற்சி: கம்ப்யூட்டருக்கு என்ன வேலை?

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024ஆம் ஆண்டு மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தனியாக ஒரு வெண்கலமும், சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து இன்னொரு வெண்கலமும் வென்றார். அதற்குப் பிறகு என்னிடம் வரும் கம்ப்யூட்டர் சந்தேகங்களில் புது ரகம் ஒன்று சேர்ந்துவிட்டது. "பையன் கிளப்பில் பிஸ்டல் சுடுகிறான். வீட்டிலும் பழக லேசர் கிட், சாப்ட்வேர் வாங்கப் போகிறோம். எது நல்லது?" என்று கேட்கிறார்கள். முதலில் பிரிண்டரை ஆன் செய்யுங்கள், சாப்ட்வேரைப் பிறகு பார்க்கலாம் என்பது என் பதில். பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒன்று. பிளாட்டில் ஈயக் குண்டு போட்டுச் சுடவே வேண்டாம். கடினமான இடத்தில் பட்டால் குண்டு தெறிக்கும். ஈயத் தூசி தரையில் படியும். அதே தரையில்தான் சின்னக் குழந்தை தவழும். பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு யார் எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது. 2008ல் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே ரேஞ்ச் இருந்ததே என்பார்கள். அது பெற்றோர் முறையாகக் கட்டிக் கொடுத்த ரேஞ்ச். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் இருக்கும் சந்து அல்ல.

குண்டில்லாமல் குறி பார்த்து டிரிகரை இழுப்பதை டிரை பயரிங் என்பார்கள். போட்டிக்கான ஏர் பிஸ்டல்களில் இதற்கென்றே தனி வசதி உண்டு. ஸ்பிரிங்கில் இயங்கும் மலிவு ரக பிஸ்டலை மட்டும் இப்படி வெறுமனே சுடக் கூடாது. உள்ளே பிஸ்டன் கெட்டுவிடும். எதுவானாலும் பயிற்சிக்கு முன் பேரல் காலியா என்று பெரியவர் ஒருவர் பார்க்க வேண்டும். குண்டு டப்பா வேறு அறையில் இருக்கட்டும்.

நாலு மீட்டரில் பழகினால் பத்து மீட்டருக்கு உதவுமா? உதவும். இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 34 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டரில் குண்டு சுமார் 29 மி.மீ. தள்ளி விழும். 10 புள்ளி வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ. தான். ஆக அந்த ஷாட் 7க்குப் போய்விடும். இதே தவறு 4 மீட்டரில் சுமார் 12 மி.மீ. விலகலைத் தரும். அட்டையையும் 40 சதவீதமாகச் சுருக்கிவிட்டால் அங்கும் அதே 7 தான். தவறு கோணத்தில் இருக்கிறது. தூரம் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இங்கேதான் பிரிண்டர் வருகிறது. அட்டையின் கருப்பு வட்டம் நிஜ அளவில் 59.5 மி.மீ. நாலு மீட்டருக்கு 23.8 மி.மீ. வேண்டும். பிரிண்ட் கொடுக்கும்போது 'பிட் டு பேஜ்' தேர்வாகி இருந்தால் கம்ப்யூட்டர் உங்களைக் கேட்காமலேயே அளவை மாற்றிவிடும். அதை நீக்கிவிட்டு, ஸ்கேல் கட்டத்தில் 40 என்று கொடுங்கள். அச்சானதும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். திரையில் சரியாக இருந்ததே என்று விட்டுவிட வேண்டாம்.

உயரத்தையும் கவனிக்க வேண்டும். போட்டியில் அட்டையின் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர். உங்கள் பையனின் கண் உயரம் 155 செ.மீ. என்றால் 10 மீட்டரில் அவன் 15 செ.மீ. தாழ்வாகப் பார்க்கிறான். நாலு மீட்டரில் 6 செ.மீ. தாழ்வு போதும். எனவே அட்டையின் மையம் 149 செ.மீ.ல் வர வேண்டும். சுவரில் 140 என்றே ஒட்டினால் கை தவறான சாய்வுக்குப் பழகிவிடும். நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள்.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். பழைய வீடியோ கேம்களில் டிவியைப் பார்த்துச் சுடும் துப்பாக்கி இருந்தது நினைவிருக்கலாம். அது கண்ணாடிக் குழாய் டிவியின் ஒளி வரும் நேரத்தை நம்பி இயங்கியது. இன்றைய எல்.சி.டி. திரையில் அது வேலை செய்யாது. இப்போது வீட்டில் செய்யக் கூடியது வேறு: பிஸ்டலில் சின்ன லேசர், அட்டையைப் பார்க்கும் வெப் கேமரா, ஒளிப்புள்ளி விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் சாப்ட்வேர்.

கேமரா பெரும்பாலும் லேப்டாப் மூடியிலேயே இருப்பதால், பலர் லேப்டாப்பைச் சுடுபவர் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். 60 டிகிரி பார்வையுள்ள கேமரா நாலு மீட்டரில் நாலரை மீட்டருக்கு மேல் அகலத்தைப் பார்க்கும். 1920 பிக்ஸல் என்றால் ஒரு பிக்ஸலுக்கு 2.4 மி.மீ. உங்கள் சுருக்கிய அட்டையில் 10 புள்ளி வளையமோ 4.6 மி.மீ. இரண்டே பிக்ஸலில் 10க்கும் 9க்கும் தீர்ப்புச் சொல்லச் சொன்னால் சாப்ட்வேர் என்ன செய்யும்? தனி வெப் கேமரா ஒன்றை அட்டையிலிருந்து 40 செ.மீ.ல், கொஞ்சம் கீழே பக்கவாட்டில் வையுங்கள். அதே வளையத்துக்கு இப்போது 19 பிக்ஸல் கிடைக்கும். ஆட்டோ போகஸ், ஆட்டோ எக்ஸ்போஷர் இரண்டையும் அணைத்துவிட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். புள்ளி தெளிவாகத் தெரியும். சாதாரண யு.எஸ்.பி. 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் நம்பகமில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

லேசர் ஒரு மில்லிவாட்டுக்குக் குறைந்த, கண்ணுக்குத் தெரியும் சிவப்பாக மட்டுமே இருக்க வேண்டும். மலிவான லேசர்களின் மேல் ஒட்டிய எண்ணை நான் நம்புவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். பார்த்தவுடன் இமை மூடிக்கொள்ளும் பாதுகாப்பு அதில் இல்லை. டிரிகர் விடுபடும் நொடியில் மட்டும் மின்னும் லேசரையே தேர்ந்தெடுங்கள். எப்போதும் எரியும் லேசர் என்றால் கண் அந்தப் புள்ளியைத் துரத்த ஆரம்பித்துவிடும். பார்வை முன் சைட்டில் இருக்க வேண்டிய விளையாட்டு இது.

இவ்வளவும் செய்த பிறகும் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. இந்த சாப்ட்வேர்கள் மதிப்பெண் தரும். சத்தம் போடும். சில கைதட்டவும் செய்யும். பையன் கேம் விளையாடுவது போல அரை மணி நேரத்தில் இருநூறு ஷாட் சுடுவான். போட்டியில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், அதாவது ஒரு ஷாட்டுக்கு 75 வினாடி. வேகமாக இழுத்து, உடனே திரையைப் பார்த்து, மறுபடி இழுக்கும் பழக்கம் கைக்கு வந்துவிட்டால், கிளப் பயிற்சியாளர் அதை அழிக்க மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும். அந்தப் பிள்ளையின் ஒரு சீசன் அதில் போய்விடும்.

போட்டியிலும்தான் பக்கத்தில் மானிட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அங்கே ஷாட் எங்கே போனது என்பதை மானிட்டர் சொல்லும் முன்பே நல்ல வீரர் சொல்லிவிடுவார். வீட்டில் வளர்க்க வேண்டியது இந்தத் திறமையைத்தான். அதற்கு எக்ஸெல் போதும். திரையைத் திருப்பி வையுங்கள். ஒவ்வொரு ஷாட்டும் முடிந்தவுடன் 'ஒன்பது, நாலு மணிப் பக்கம்' என்று பையன் சொல்ல வேண்டும். நீங்கள் அதை முதல் பத்தியில் எழுதுங்கள். பத்து ஷாட் முடிந்ததும் கேமரா சொன்னதை அடுத்த பத்தியில் நிரப்புங்கள். மொத்த மதிப்பெண்ணைக் கூட்டவே வேண்டாம். இரண்டு பத்திகளும் எத்தனை இடத்தில் ஒத்துப் போகின்றன என்று மட்டும் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் இது போதும். மற்ற நாட்களில் கம்ப்யூட்டரை மூடிவிட்டு, அட்டைகூட இல்லாத வெள்ளைச் சுவரைப் பார்த்து, இரண்டு சைட்டும் அசையாமல் டிரிகரை இழுக்கட்டும். தினமும் இருபது நிமிடம்.

ஸ்காட் போன்ற தொழில்முறைக் கருவிகள் வேறு ரகம். ஷாட் விழுந்த இடத்தோடு, அதற்கு முன் பிஸ்டல் அலைந்த பாதையையும் கோடாக வரைந்து காட்டும். கடைசி 0.2 வினாடியின் கோடு தனி நிறத்தில் வரும். அந்தத் துண்டு மையத்தை விட்டு வெளியே பாய்ந்திருந்தால் டிரிகர் விரலில் கோளாறு என்று அங்கேயே தெரிந்துவிடும். நொடிக்கு 30 படம் எடுக்கும் வெப் கேமராவுக்கு அந்த 0.2 வினாடியில் கிடைப்பது ஆறே புள்ளிகள். எனவே அதைக் கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. ஆனால் விலை ஒரு நல்ல லேப்டாப்பைத் தொடும். கிளப்பில் இந்தக் கருவி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் மாதம் ஒரு முறை பதிவு எடுத்துத் தரச் சொல்லி, அந்தப் பைலை வீட்டுக்குக் கொண்டு வந்து பயிற்சியாளரின் குறிப்போடு சேர்த்து வையுங்கள். எக்ஸெலில் இரண்டு பத்திகளும் பத்துக்கு எட்டு ஒத்துப் போகும் வரை, சொந்தமாக வாங்கும் பேச்சை எடுக்க வேண்டாம்.