ஒரே சாவியில் ஒரு நிறுவனம்

2014ஆம் ஆண்டு ஜூன் மாதம் ‘கோட் ஸ்பேசஸ்’ என்ற நிறுவனம் இனி இயங்க இயலாது என்று அறிவித்தது. மென்பொருள் எழுதுவோரின் நிரல்களைப் பத்திரமாக வைத்திருப்பதே அதன் தொழில். அந்த நிரல்கள் அமேசானின் மேகக் கணினிச் சேவையில் இருந்தன.

முதலில் போலிப் போக்குவரத்தால் அதன் தளம் முடக்கப்பட்டது. அடுத்து, மேகச் சேவையை நிர்வகிக்கும் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குள்ளும் ஓர் ஆசாமி புகுந்திருப்பது தெரியவந்தது. பெருந்தொகை கேட்டு மிரட்டல் வந்தது. நிறுவனம் மறைச்சொற்களை மாற்றியது. ஆனால் ஊடுருவியவர் தமக்கென வேறு கணக்குகளை முன்கூட்டியே உருவாக்கி வைத்திருந்தார். மீட்புப் பணி தொடங்கியதைக் கண்டதும் அழிக்கத் தொடங்கினார். சுமார் 12 மணி நேரத்தில் பெரும்பாலான தரவுகளும் நகல்களும் மறைந்தன.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று. கட்டுப்பாட்டுப் பக்கத்தில் கணினிகளை உருவாக்கலாம், நகலெடுக்கலாம், அழிக்கலாம். சரியான மறைச்சொல்லோடு வருபவரை அது உரிமையாளராகவே கருதுகிறது. கதவை உடைக்கத் தேவையில்லை, சாவி போதும். நகல்களும் அதே சாவிக்குள் இருந்தால், அவை நகல்கள் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

பத்தாண்டுகள் கழித்தும் பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை. 2024இல் ‘ஸ்னோஃபிளேக்’ தரவுச் சேவையைப் பயன்படுத்திய ஏறத்தாழ 165 நிறுவனங்கள் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று எச்சரிக்கப்பட்டது. டிக்கெட்மாஸ்டர், ஏடி அண்ட் டி ஆகியவற்றின் வாடிக்கையாளர் தகவல்கள் திருடுபோயின. ஸ்னோஃபிளேக்கின் சொந்தக் கட்டமைப்பு உடைக்கப்படவில்லை. தகவல் திருடும் தீநிரல்கள் முன்பே கவர்ந்த மறைச்சொற்களே பயன்பட்டன. அவற்றுள் சில 2020இலேயே திருடப்பட்டவை. ஆனாலும் அவை மாற்றப்படவில்லை. அந்தக் கணக்குகளுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இல்லை.

பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் பயிலும் பலர் இன்று பாடத் திட்டப்பணிக்காகவே மேகக் கணக்கு தொடங்குகின்றனர். அவர்களுக்கு நான்கு பழக்கங்கள் தேவை. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை முதல் நாளே இயக்குங்கள். அணுகல் சாவிகளை நிரலுக்குள் எழுதிப் பொதுத்தளத்தில் பதிவேற்றாதீர்கள். குழுவில் ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலைக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள். முக்கியமான நகல் ஒன்றையாவது வேறொரு கணக்கில் வையுங்கள்.

நாளை ஒரு நிறுவனத்தின் சாவி உங்கள் கையில் தரப்படலாம். அதைக் காக்கும் பழக்கத்தை இன்றைய சிறிய திட்டப்பணியிலேயே தொடங்குவது நல்லது.