தலைக்காசு

"உனக்குக் கீழ எத்தனை பேரு?"

சாஃப்ட்வேர்ல பத்து வருசம் தாண்டின எல்லாருக்கும் சொந்தக்காரங்ககிட்ட இருந்து வர்ற கேள்வி. அவங்களைக் குத்தம் சொல்லி என்ன பண்ண? பொட்டி தட்டுற நாமளே ஒருத்தரை ஒருத்தர் இப்படித்தானே அளக்கிறோம். அஞ்சு பேருன்னா லீட், அம்பதுன்னா மேனேஜர், ஐநூறுன்னா சாமி. அந்தச் சாமி கடைசியா கோட் எழுதினது எந்த வருசம்னு மட்டும் யாரும் கேட்க மாட்டோம்.

எனக்கு இந்தக் கணக்கு புதுசு இல்லைங்க. இப்போ டாலஸ்ல இருந்தாலும் நான் சாந்தன்பாறைக்காரன், ஏலக்காட்டுல வளர்ந்தவன். காய் எடுக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரே சரத்துல பழுத்தது, விளைஞ்சது, பிஞ்சு எல்லாம் சேர்ந்தே இருக்கும். பிஞ்சைக் கிள்ளினா காயும்போது சுருங்கிடும், விலை போகாது. பழுக்க விட்டா வெடிக்கும். நடுவுல இருக்கிற கரிக்காயைக் கண்ணும் கையும் சேர்ந்து கண்டுபிடிக்கணும். போடிமெட்டு வழியா ஜீப்புல வர்ற அக்காமாருக்கு அது தெரியும். ஆனா நான் பார்த்தவரைக்கும் முப்பது வருசம் எடுத்தவருக்கும் நேத்து வந்தவருக்கும் நாள்கூலி ஒண்ணுதான். கூடக் கிடைக்கணும்னா காய் எடுக்கிறதை நிறுத்திட்டு ஆளை எண்ணணும். அதாவது கங்காணி ஆகணும்.

இலங்கைத் தோட்டங்கள்ல அந்தக் காலத்துல வேலைக்கு இறங்கின ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்கு ஒரு காசு உண்டு. பேரே தலைக்காசு. என்ன வேலை நடந்துச்சுன்னு இல்லை, எத்தனை தலை வந்துச்சுங்கிறதுதான் கணக்கு. நம்ம ஐடி சர்வீஸ் கம்பெனிங்க வளர்ந்தது எப்படி? ஆளுக்கு, மணிக்கு இவ்வளவுன்னு க்ளையன்ட்டுக்கு பில் போட்டுத்தான். தலை கூடக் கூட வருமானம். அப்புறம் தலை எண்ணுறவர்தானே பெரியவர்? (ஏசி ரூமையும் லயத்தையும் ஒண்ணுன்னு சொல்லலை சாமி, அடிக்க வராதீங்க. கணக்கு முறையைச் சொல்றேன்.)

"அப்போ மேனேஜரே வேண்டாமா?"ன்னு கேப்பீங்க. வேணும். ஆனா அது வேற தொழில், பரிசு இல்லை. ஐபிஎம்ல ஓஎஸ்/360 ப்ராஜெக்டை நடத்தின ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975லேயே புத்தகம் போட்டுச் சொல்லிட்டார்: ஏற்கெனவே பிந்தின ப்ராஜெக்ட்ல ஆள் சேர்த்தா இன்னும் பிந்தும். நிர்வாக ஏணி, தொழில்நுட்ப ஏணி ரெண்டுக்கும் சமமான மரியாதை வேணும்னும் அதே புத்தகத்துல எழுதியிருக்கார். 50 வருசம் ஆச்சு. முதல் பாடத்தைப் பவர்பாயிண்ட்ல போட்டுக்கிட்டோம், ரெண்டாவதைத் தொடவே இல்லை.

நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனியில (பேர் வேண்டாம்) லாக்கைப் பார்த்தே டேட்டாபேஸ் எங்கே முக்குதுன்னு சொல்ற ஒருத்தர் இருந்தார். "நாப்பது வயசாச்சு, இன்னுமா கோட்?"னு கேட்டுக் கேட்டு அவரை மேனேஜர் ஆக்கினாங்க. மனுசன் ஒரு வருசம் எக்செல் ஷீட்டோட மல்லுக்கட்டிட்டுப் போயிட்டார். நல்ல இஞ்சினியர் ஒருத்தரை இழந்தது ஒரு நஷ்டம். ஒரு வருசம் டீம் சுமாரான மேனேஜர்கிட்ட மாட்டினது இன்னொரு நஷ்டம்.

இப்போ வேற மாதிரி ஆளுங்களைப் பாருங்க. மலேசியாவுல முத்து நெடுமாறன் 1985ல முரசு செய்தார். இருபது வருசம் கழிச்சு, 2005ல, கைப்பேசியில தமிழ் எழுத செல்லினம் கொண்டுவந்தார். ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரியில ஜோஹோவோட சிஇஓ பதவியை விட்டுட்டுத் தலைமை விஞ்ஞானியாப் போனார். எங்க மலையிலேயே கட்டப்பனைப் பக்கம் செபாஸ்டியன் ஜோசப்னு ஒரு விவசாயி, வருசக்கணக்கா செடியைக் கவனிச்சுத் தேர்ந்தெடுத்ததுதான் இடுக்கி ஏலக்காடு முழுக்கப் பரவின ஞள்ளானி ரகம். இவங்களையெல்லாம் கீழே எத்தனை பேருன்னு வச்சா அளப்பீங்க?

"இனிமே ஏஐ கோட் எழுதுமே, கை எதுக்கு?"ன்னு புதுசா ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கு. அதனாலதான் இன்னும் அவசியம்ங்கிறேன். மெஷின் கூடை கூடையாக் கொட்டும். அதுல எது கரிக்காய், எது பிஞ்சுன்னு பிரிக்கப் பழகின கண்ணு வேணும். எண்ணத் தெரிஞ்சா மட்டும் போதாது.

தம்பிகளே, தங்கச்சிகளே, அடுத்த அப்ரைசல்ல ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "மேனேஜர் ஆகாமலே எனக்கு அடுத்த படி எது? சம்பளம் எவ்வளவு?" பதிலை எழுத்துல வாங்குங்க. முழிச்சாங்கன்னா அந்த இடத்துல ஒரு ஏணிதான் இருக்குன்னு அர்த்தம்.

என்னை மாதிரி டைரக்டர் நாற்காலியில இருக்கிறவங்களுக்கும் ஒரு கேள்வி. உங்க டீம்ல உங்களை விட அதிகமா சம்பளம் வாங்குற இஞ்சினியர் யாராவது உண்டா? என் டீம்ல ரெண்டு பேர் இருக்காங்க. அவங்களுக்குக் கீழ ஒருத்தரும் இல்லை.