‘சர்வர் இல்லைங்க’: அப்படின்னா உண்மையில் எது இல்லை?

திருப்பூர் நெருப்பெரிச்சல் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு மூணு சென்ட் சைட் கிரயம் பண்ண வருகிறவர், பெரும்பாலும் ஏதோ ஒரு பனியன் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்தவராகத்தான் இருப்பார். லீவு என்றால் அன்றைய ஷிப்ட் சம்பளம் போச்சு. விற்பவர், சாட்சிகள், பத்திர எழுத்தர் என எல்லோரையும் ஒரே நேரத்தில் கூட்டிச் சேர்ப்பதே பெரும்பாடு. அத்தனையும் முடித்து டோக்கனோடு உட்கார்ந்திருப்பவருக்கு, தமிழ்நாட்டின் எந்தப் பதிவு அலுவலகத்திலும் கிடைக்கக்கூடிய பதில் ஒன்று உண்டு. “சர்வர் இல்லைங்க.” எப்ப வருமுங்க என்று கேட்டால், அது யாருக்கும் தெரியாது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே நமக்குப் பழகிய சொல் இது. 1964-ல் நாகேஷ் நடித்த ‘சர்வர் சுந்தரம்’ வந்தபோது, சர்வர் என்றால் ஓட்டலில் டிபன் கொண்டுவருகிறவர். கணினி சர்வர் செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான். நம் போனோ, அலுவலகக் கம்ப்யூட்டரோ ஒரு தகவலைக் கேட்கும்; எங்கோ இருக்கிற ஒரு பெரிய கணினி அதை எடுத்துக் கொடுக்கும். ‘சேவையகம்’, ‘வழங்கி’ என்று தமிழ்ச் சொற்கள் இருந்தாலும், வரிசையில் நிற்பவர்கள் வாயில் சர்வர்தான்.

தமிழ்நாட்டில் 2018 பிப்ரவரியில் ‘ஸ்டார் 2.0’ மென்பொருள் வந்தபிறகு, பத்திர விவரம், புகைப்படம், விரல்ரேகை எல்லாமே இணையம் வழியாகத்தான் போகின்றன. நெருப்பெரிச்சலில் இருப்பது கம்ப்யூட்டரும் இணைப்பும் மட்டுமே. இந்தப் பாதையில் எங்கே வேண்டுமானாலும் கோளாறு வரலாம். அலுவலகத்தின் நெட் லைன் அறுந்திருக்கலாம். ரேகை வைக்கும் கருவி மக்கர் பண்ணலாம். ஆதாரைச் சரிபார்க்கும் இடத்தில் தாமதம் ஆகலாம். அது வேறொரு அமைப்பின் சர்வர். உண்மையிலேயே மைய சர்வர் திணறிக்கொண்டும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் கவுன்ட்டரில் ஒரே பெயர்தான். ரேஷன் கடையில் ரேகை விழவில்லை என்றாலும் “சர்வர்”தானே!

அங்கே உட்கார்ந்திருக்கும் ஊழியர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர் திரையிலும் சுற்றுகிற வட்டம் மட்டும்தான் தெரியும். ஆனால் காத்திருப்பவருக்கு அந்த வித்தியாசம் முக்கியம். லைன் பிரச்சினை என்றால் உள்ளூரிலேயே சரிசெய்ய வாய்ப்புண்டு, காத்திருக்கலாம். மாநிலம் முழுக்கவே முடங்கியிருந்தால், மதியம் அரை ஷிப்டுக்காவது கம்பெனிக்குப் போய்விடலாம்.

இதே ஊரில் பனியன் கம்பெனிக்குள் போய் “மெஷின் இல்லைங்க” என்று சொல்லிப் பாருங்கள். ஊசியா, லூப்பரா, மோட்டாரா, கரண்ட்டா என்று அடுத்த நொடியே கேள்வி வரும். காரணம் தெரிந்தால்தான் மெக்கானிக்கைக் கூப்பிடுவதா, ஆளை வேறு மெஷினுக்கு மாற்றுவதா என்று முடிவெடுக்க முடியும். தையல் மெஷினுக்குக் கேட்கிற கேள்வியை, அரசு கம்ப்யூட்டரிடம் மட்டும் நாம் கேட்பதில்லை.

கேட்டால் பதில் கிடைக்கும் என்பதற்கு யுபிஐ ஓர் உதாரணம். 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. திருப்பூரில் வாரச் சம்பள நாள். அன்று நாடு முழுக்க யுபிஐ பல மணி நேரம் தடுமாறியது. பரிவர்த்தனைகளின் நிலை என்ன என்று சில வங்கிகளின் கணினிகள் திரும்பத் திரும்ப விசாரித்ததில் ஏற்பட்ட நெரிசல் என்று, அதை நடத்தும் என்பிசிஐ பின்னர் காரணம் கண்டது. ஓட்டலில் எல்லா டேபிளிலும் “என் தோசை என்னாச்சு?” என்று நிமிஷத்துக்கொரு தடவை கேட்டால் சர்வர் தோசை எடுக்க எப்படிப் போவார்? காரணம் தெரிந்ததால்தான் கட்டுப்பாடும் வந்தது. ஆகஸ்ட் 1 முதல் ஓர் ஆப்பில் ஒரு நாளைக்கு 50 தடவைக்கு மேல் பேலன்ஸ் பார்க்க முடியாது.

பதிவுத்துறையில் நெரிசல் எப்போது வரும் என்பது அரசுக்கே முன்கூட்டித் தெரியும். முகூர்த்த நாட்களில் ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு 100 டோக்கனுக்குப் பதில் 150, இருவர் இருந்தால் 200-க்குப் பதில் 300 என்று அரசுதான் அறிவிக்கிறது. டோக்கனைக் கூட்டினால், அந்தச் சுமையைத் தாங்கும் அளவுக்கு சர்வரையும் தயார் பண்ண வேண்டாமா?

அதுவரை, வரிசையில் நிற்பவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: “இந்த ஆபீஸ்ல மட்டுமாங்க, எல்லா ஆபீஸ்லயுமா?” அலுவலகம் செய்ய வேண்டியதும் பெரிய விஷயம் இல்லை. என்ன கோளாறு, எத்தனை மணியிலிருந்து என்று போர்டில் எழுதலாம். அன்றைய டோக்கனை அடுத்த நாளுக்குத் தானாக மாற்றிக் கொடுக்கலாம். ‘இணைப்பு இல்லாததால் இன்று பதிவு நடக்கவில்லை’ என்று தேதி போட்டு, முத்திரை வைத்து ஒரு சீட்டும் தரலாம். கிரய ஒப்பந்தத்தின் கெடு அன்றோடு முடிகிறவருக்கு, பணத்தோடு தான் வந்து நின்றதைக் காட்ட அந்தச் சீட்டு உதவும்.